பம்ப் அடித்தும் அடங்காத இழுப்பு: மருந்தைக் கூட்டுவதா, ரத்தம் பார்ப்பதா, ஜீன் பார்ப்பதா?

என் அண்ணனுக்கு ஆஸ்துமா என்று எட்டு வருஷம் மருந்து எடுத்தோம். அது வெறும் ஆஸ்துமா இல்லை, பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு புரதம் குறைவு, அதனால் நுரையீரல் இந்த வயதிலேயே நைந்துபோய்விட்டது என்று தெரிந்து இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. நடுவில் எங்கள் முன்னால் பல வழிகள் இருந்தன. இருக்கிற மருந்தையே கூட்டிக்கொண்டு போகலாம், ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யலாம், சிடி ஸ்கேன் எடுக்கலாம், ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவைப் பார்க்கலாம், ஜீன் பரிசோதனைக்குப் போகலாம். நாங்கள் தப்பான வரிசையில் போனோம். உங்கள் வீட்டில் யாருக்காவது முப்பது, நாற்பது வயதில் இழுப்பு வந்து, பம்ப் அடித்தும் முழுசாக அடங்கவில்லை என்றால் எதை முதலில் செய்யலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்று நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒவ்வொரு அப்பாயிண்ட்மெண்டுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவள்.

அண்ணனுக்கு இப்போது 44 வயது. மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் வெல்டிங் வேலை, 19 வயதிலிருந்து சிகரெட். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பார். 513 படி. ஒரு காலத்தில் எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டு, மேலே இருந்து எங்களைப் பார்த்து "என்ன, இன்னும் அங்கேயா?" என்று கத்துவார். அப்புறம் ஒரு வருஷம் இரண்டு இடத்தில் நின்றார். மறுவருஷம் நாலு இடம். அதற்கடுத்த வருஷம் பாதிப் படியில் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டார். அண்ணி பையிலிருந்து பம்ப்பை எடுத்துக் கொடுத்தார். நாலு அடி அடித்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டியது இதுதான்: ஆஸ்துமா வரும், போகும். வராத நாளில் ஆள் நன்றாகவே ஏறுவார். அண்ணனுக்கு நல்ல நாள் என்று ஒன்றே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, வருஷத்துக்கு வருஷம் நிற்கிற இடம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

நோயின் பெயர் அல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. பெயர்தான் வாயில் நுழையாது, உள்ளே நடப்பது சுலபமாகப் புரியும். நுரையீரலுக்குள் கிருமி வந்தால் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்கிற நொதியை விடும். அது கிருமியையும் அரிக்கும், விட்டுவைத்தால் நுரையீரலின் மெல்லிய சுவரையும் அரிக்கும். குளியலறைத் தரையில் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம் இல்லையா, கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் கறை போன பிறகு இடுக்குச் சிமெண்டும் அரித்துப்போகும். அந்தத் தண்ணீர் மாதிரிதான் ஆன்டிட்ரிப்சின். கல்லீரல் அதைச் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. அதன் ஜீனில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் பழுதாக வந்தவர்களுக்குத் தண்ணீர் போதாது. சிகரெட் பிடித்தால் இரண்டு பக்கமும் கேடு. புகை வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்கு வரவழைக்கும், மிச்சமிருக்கும் கொஞ்ச ஆன்டிட்ரிப்சினையும் முடக்கிவிடும். அதனால்தான் புகைப்பவர்களுக்கு முப்பதுகளிலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது, புகைக்காதவர்களுக்குப் பல வருஷம் தள்ளிப்போகிறது, சிலருக்குப் பெரிதாக வராமலே போகிறது.

1963இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் ரத்தத்தில் உள்ள புரதங்களைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் பட்டைகளைச் சுமார் 1,500 பேருக்குப் பார்க்கும்போது ஐந்து பேருக்கு ஒரு கோடு மட்டும் இல்லாததைக் கவனித்தார்கள், அந்த ஐந்தில் மூன்று பேருக்குச் சிறு வயதிலேயே நுரையீரல் கெட்டிருந்தது, இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். அதில் அதிகம் காணப்படும் இசட் என்ற ஜீன் மாற்றம் வட ஐரோப்பியர்களிடம்தான் கூடுதல். நம் ஆட்களிடம் மிக அரிது. அதனால் இங்கே ஒரு டாக்டர் தமிழர் ஒருவருக்கு இழுப்பு என்றதும் இதை நினைக்காமல் இருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மிக அரிது என்றால் இல்லவே இல்லை என்று ஆகாது. எங்கள் கதையில் முக்கியமான முடிச்சும் அங்கேதான் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வழி, இருக்கும் மருந்தையே தொடர்வது, கேட்காவிட்டால் கூட்டுவது. இதை நான் ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இழுப்பு வரும் நூறு பேரில் மிகப் பெரும்பாலோருக்கு ஆஸ்துமாதான், அல்லது சிகரெட்டால் வரும் சாதாரண நுரையீரல் அடைப்புதான். மருந்து கேட்காததற்கும் பல நேரம் காரணம் எளிமையாக இருக்கும்: பம்ப்பை அழுத்தும் நேரமும் மூச்சை இழுக்கும் நேரமும் ஒத்துப்போகாது, மூச்சு முட்டும்போது அடிக்கும் நீலப் பம்ப்பை மட்டும் அடித்துவிட்டு தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு பம்ப்பை மறந்துவிடுவார்கள், வேலை இடத்துப் புகை விடாது. இதையெல்லாம் சரிசெய்து ஒரு மூன்று மாதம் ஒழுங்காகப் பார்ப்பது நியாயம். அதற்கு மேல்தான் பிரச்சினை. அண்ணனுக்கு ஒவ்வொரு தடவை மோசமாகும்போதும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள், ஏழு நாள் என்று கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் ஆறு தடவை. சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது, மூச்சு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு கிளினிக், பெயர் வேண்டாம், மூன்று வருஷம் ஒரு தடவைகூட ஊதிப் பார்க்கச் சொல்லாமல் அதே சீட்டையே எழுதிக்கொடுத்தது. இந்த வழிக்கு ஒவ்வொரு மாதமும் ஆகும் பணம் கொஞ்சம்தான், அதனாலேயே எட்டு வருஷம் போனது தெரியவில்லை.

இரண்டாவது, ஸ்பைரோமெட்ரி. என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். மூக்கில் கிளிப் போட்டு, குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே வேகத்தில் கடைசிச் சொட்டுவரை ஊத வேண்டும். அன்றைக்கு இருந்த மலாய்க்கார அக்கா அண்ணன் பக்கத்திலேயே நின்று "தியூப்! லாகி, லாகி, லாகி!" (ஊது! இன்னும், இன்னும், இன்னும்!) என்று கத்திக்கொண்டே இருந்தார், அண்ணனுக்குக் கண் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் பம்ப் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். இந்த இரண்டாவது ஊதலில்தான் விஷயமே இருக்கிறது. முதல் நொடியில் வெளியே வரும் காற்று மருந்துக்குப் பிறகு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாய்வார்கள். மருந்துக்குப் பிறகும் மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழேதான் முதல் நொடியில் வருகிறது என்றால் அடைப்பு நிரந்தரமாகிவிட்டது என்று அர்த்தம். இங்கேதான் இந்த நோய் ஏமாற்றுகிறது. ஆன்டிட்ரிப்சின் குறைந்தவர்களுக்கும் மருந்துக்குக் கொஞ்சம் திறக்கும், வீசிங் சத்தமும் கேட்கும், சிலருக்கு ஆஸ்துமாவும் கூடவே இருக்கும். "மருந்துக்குக் கேட்கிறதே, ஆஸ்துமாதான்" என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. எவ்வளவு திறந்தது என்று பார்ப்பதைவிட, திறந்த பிறகும் எவ்வளவு குறை மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் வாயுப் பரிமாற்றம் பார்க்கும் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். ஆஸ்துமாவில் அது பொதுவாகக் குறையாது, நுரையீரலின் காற்றறைச் சுவர் அழிந்திருந்தால் குறையும்.

சிடி ஸ்கேன் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. சாதாரண எக்ஸ்-ரேயில் ஆரம்ப சேதம் தெரியாமல் போகலாம், சிடியில் தெரியும். சிகரெட்டால் மட்டும் வரும் சேதம் பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியில் இருக்கும், இந்தக் குறைபாட்டில் அடிப் பகுதியில் கூடுதலாக இருக்கும், அதுவும் எல்லாருக்கும் அப்படி இல்லை. எவ்வளவு அழிந்திருக்கிறது என்று சிடி சொல்லும், ஏன் அழிந்தது என்பதை உறுதியாகச் சொல்லாது. டாக்டர் வேறு காரணத்துக்காகக் கேட்டால் எடுங்கள். காரணம் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் ஒரு சின்னக் குழாய் ரத்தம் அதைவிடப் பயன்படும்.

இனி முக்கியமான ஒப்பீடு: ரத்தத்தில் அளவு பார்ப்பதா, நேராக ஜீன் பார்ப்பதா?

நாங்கள் ஜீனுக்குப் போனோம். அண்ணனின் கூட்டாளி ஒருவர் சொன்னார் என்று ஆன்லைனில் எச்சில் துப்பி அனுப்பும் கிட் வாங்கினோம். ஜீன் என்றால் அடிமூலம்வரை பார்த்துவிடும், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. "மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா கோயிலுக்கு அர்ச்சனைக்கே கொடுத்துவிட்டார். எட்டு மாதம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒரு நெஞ்சக நிபுணர் அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் எஸ், இசட் என்று இரண்டு மாற்றங்களை மட்டும்தான் தேடியிருக்கிறார்கள், இரண்டுமே ஐரோப்பியர்களிடம் அதிகம் உள்ளவை, உங்களுக்கு வேறு ஏதாவது இருந்தால் இதில் சிக்காது" என்றார். வீட்டில் தங்கத் தோட்டைத் தொலைத்துவிட்டு இரண்டு அலமாரியை மட்டும் திறந்து பார்த்து, இல்லை என்று முடிவு கட்டிய மாதிரி. இந்த ஜீனில் நூறுக்கு மேற்பட்ட மாற்றங்கள் தெரியவந்திருக்கின்றன. ஜப்பானில் காணப்படும் சீயாமா என்ற மாற்றம் வேறு, இசட் வேறு. தெற்காசியக் குடும்பத்தில் அரிதான வேறொன்று இருந்தால் அந்த இரண்டு அலமாரியில் அது இருக்காது.

ரத்த அளவு அப்படி இல்லை. ஜீனில் எந்த இடம் பழுதானாலும் சரி, ரத்தத்தில் புரதம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிடும். அளவு சரியாக இருந்தும் புரதம் வேலை செய்யாத வகைகள் உண்டு, ஆனால் அவை மிகமிக அரிது. சாதாரணமாக லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் அளவில் இருக்கும், லேபுக்கு லேப் எல்லை கொஞ்சம் மாறும். சுமார் 0.5 கிராமுக்குக் கீழே போனால் நுரையீரலுக்குப் பாதுகாப்பு போதாது என்று கணக்கு. அண்ணனுக்கு 0.3. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ நான் சும்மா சோம்பேறித்தனம் பண்ணலை" என்றார். தண்ணீர்மலையில் நின்றபோதெல்லாம் நாங்கள் அவரைக் கேலி செய்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் ரத்த அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காய்ச்சல், சளி, எந்தத் தொற்று இருந்தாலும் இந்தப் புரதம் ஏறும். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் ஏறும். அதனால் மூச்சுத்திணறலோடு வார்டில் படுத்திருக்கும்போது எடுத்துவிட்டு "நார்மல்" என்று நம்பிவிடாதீர்கள். உடம்பு தெளிந்து சில வாரம் கழித்து எடுங்கள், கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் கேளுங்கள். சிஆர்பி ஏறியிருந்தால் வந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக என் வரிசை: ஸ்பைரோமெட்ரி, பிறகு ரத்த அளவும் சிஆர்பியும், அளவு குறைவாக இருந்தால் மட்டும் ஜீன், அதுவும் நம் ஆட்களுக்கு முழு ஜீனையும் வாசிக்கும் வகை. அளவு பார்ப்பது வாழ்நாளில் ஒரே தடவை செய்தால் போதும். நிரந்தர அடைப்பு உள்ள எல்லாருக்கும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் உலக அளவிலான வழிகாட்டுதல்களே சொல்கின்றன, மருந்துக்கு முழுசாகத் திறக்காத ஆஸ்துமாவுக்கும் பார்க்கச் சொல்லி அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சக மருத்துவ சங்கங்கள் 2003லேயே எழுதிவிட்டன. அண்ணனுக்கு முழு வாசிப்பில் அரிதான ஒரு மாற்றம் இரண்டு பிரதியிலும் அப்படியே இருந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்தில் ஒரே தாத்தா பாட்டியின் பழுதான பிரதி இரண்டு வழியாகவும் இறங்கி ஒரே பிள்ளையிடம் வந்து சேரலாம். நம் பக்கம் இப்படிப்பட்ட கல்யாணங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். "தமிழர்களுக்கு இது வராது" என்று யாராவது சொன்னால் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

எங்கே போவது? அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் 5 வெள்ளி (ரிங்கிட்), கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி. காத்திருக்க வேண்டும், காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள். தனியாரில் சீக்கிரம், ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி பில், ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினால் அதற்கும் சேர்த்து. நான் கலந்துதான் போவேன். நிபுணரை அரசாங்கத்தில் பாருங்கள், பினாங்கு என்றால் ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரி, கோலாலம்பூர் என்றால் ஜாலான் பஹாங்கில் நெஞ்சக நோய்களுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. அங்கே ரத்த அளவுக்குக் காத்திருப்பு நீண்டால் அந்த ஒன்றை மட்டும் தனியாரில் எடுத்து ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் ஃபைலில் சேருங்கள். எடுப்பதற்கு முன்னால் விலையை லேபிடம் கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், நாங்களும் கேட்டோம்.

தெரிந்த பிறகு என்ன செய்ய முடியும் என்று பலர் கேட்கிறார்கள், மருந்தே இல்லாத நோயைத் தெரிந்து என்ன லாபம் என்று. மருந்து இருக்கிறது. பிறர் தானம் செய்த ரத்த நீரிலிருந்து பிரித்த ஆன்டிட்ரிப்சினை வாரம் ஒரு தடவை நரம்பில் ஏற்றுவார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம், வாழ்நாள் முழுக்க. அமெரிக்காவில் 1987லேயே அனுமதி கிடைத்தது. 2015இல் வெளிவந்த ஆய்வில், 180 பேரை இரண்டு வருஷம் பார்த்ததில், சிடியில் நுரையீரல் அழியும் வேகம் குறைந்தது. அழிந்ததை அது திருப்பிக் கொடுக்காது, ஊதும் அளவிலும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை, விலையோ மிகப் பெரிது. புகைத்துக்கொண்டே எடுப்பதில் அர்த்தமும் இல்லை. எங்கள் டாக்டர் இதை விளக்கிவிட்டு நேராகச் சொன்னார்: "சிகரெட்டை விடுவதுதான் இப்போது உங்களுக்கு முதல் மருந்து." அதோடு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, அது தவிர நிமோனியா ஊசி, கல்லீரலுக்காக மஞ்சள் காமாலை ஏ, பி ஊசிகள், கல்லீரல் பரிசோதனை. சில வகை ஜீன் மாற்றங்களில் பழுதான புரதம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதையும் கெடுக்கும், எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். ஜெரெபு (புகைமூட்டம்) நாளில் வெளியே போகக் கூடாது. வெல்டிங் புகையை விட்டுக் கிடங்குப் பக்கம் மாற்றிக்கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கடிதம் கொடுத்தோம், அந்தக் கடிதத்துக்கு நோயின் சரியான பெயர் உதவியது. "ஆஸ்துமா" என்று எழுதியிருந்தால் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அண்ணன் சிகரெட்டை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. முன்பு நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்காதவர், 0.3 என்ற எண்ணைப் பார்த்துக் கேட்டார்.

இப்போது வீட்டில் ஓடும் பேச்சு, மற்றவர்களுக்குப் பார்ப்பதா என்பது. உடன்பிறந்தவர்களுக்குப் பார்ப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா, அம்மா இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதி வைத்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கு எடுத்ததில் 0.8, அண்ணனிடம் கண்டுபிடித்த அந்த ஓரிடத்தை மட்டும் தேடிப் பார்த்ததில் ஒரு பிரதி பழுது. புகைக்காத வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்க நினைத்திருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே ஏஜெண்டிடம் பேசிவிடுவது நல்லது, தெரிந்த பிறகு படிவத்தில் மறைக்க முடியாது.

பிள்ளைகள் விஷயம் வேறு. அண்ணனின் மகனுக்கு 17, மகளுக்கு 12. அண்ணனிடம் இருப்பதே இரண்டு பழுதான பிரதி, அதனால் இருவருக்கும் ஒன்று கட்டாயம் வந்திருக்கும், அதைத் தெரிந்துகொள்ள ஊசி வேண்டாம். கேள்வி அண்ணியிடமிருந்தும் ஒன்று வந்திருக்கிறதா என்பதுதான். அண்ணி ஈப்போக்காரர், எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லை. எனவே பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு போவதைவிட முதலில் அண்ணி ஒருவருக்கு அளவு பார்த்தால் போதும் என்பது என் கருத்து, அது நன்றாக இருந்தால் பிள்ளைகள் பெரியவர்களாகித் தாங்களே முடிவு செய்யட்டும், குறைந்தால் அப்போது அவர்களுக்கும் எடுக்கலாம். அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை, இப்போதே எல்லாருக்கும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். மகன் விஷயத்தில் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவன் பையில் போன மாதம் வேப் இருந்தது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களும் புகைத்தால் மற்றவர்களைவிட நுரையீரல் கெடும் ஆபத்து கூடுதல் என்று இசட் வகையில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அண்ணிக்கு வரும் வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். சளி இருந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். மகனை அண்ணன் தானே கூட்டிக்கொண்டு போகிறார், ரத்தம் எடுக்க இல்லை, அடுத்த தடவை அவர் ஊதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க.